காப்போரைக் காத்த ஊசி

நோயாளி, நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிவிடை புரிவோன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. இந்நான்கினுள் நோயாளியையும் மருந்தையும் பற்றியே உலகம் பெரிதும் பேசுகின்றது. வைத்தியனையும் பணிவிடையாளனையும் பற்றி எண்ணுவோர் சிலரே. நாள்தோறும் நோயின் அருகே நிற்கும் இவ்விருவரையும் அந்நோயே பற்றிக்கொண்டால் என் செய்வது?

சென்ற நூற்றாண்டின் வைத்தியசாலைகள் இவ்வினாவை மிகக் கொடிய முறையில் எதிர்நோக்கின. ஈரலைத் தாக்கும் வைரசு ஒன்று வைத்தியர், தாதியர், ஆய்வுகூட ஊழியர், பல் வைத்தியர், சிற்றூழியர் என எவரையும் விடாது ஆண்டுதோறும் பலரைப் படுக்கையில் வீழ்த்தியது; சிலரை மாய்த்தது. அவ்வைரசுக்கு எதிராகத் தோன்றிய தடுப்பூசி அவர்களை எவ்வளவு தூரம் காத்தது? அக்காவல் முழுமை பெற அவர்கள் தாமே செய்யவேண்டுவது யாது? இவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊசி முனையில் வந்த நோய்

கண்ணும் தோலும் மஞ்சள் நிறமடைவதை நம்மவர் செங்கண்மாரி என்றும் மஞ்சட்காமாலை என்றும் வழங்குவர். ஈரல் பழுதுற்றது என்பதற்கு அஃது ஓர் அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் வைரசினால் ஈரல் அழற்சி உண்டாவது ஒரு வகை. இரத்தத்தினாலும் உடலின் வேறு சில நீர்மங்களினாலும் பரவும் வைரசினால் உண்டாவது மற்றொரு வகை. 1947 ஆம் ஆண்டில் மக்கலம் என்னும் பிரித்தானிய அறிஞர் முன்னையதற்கு ‘ஏ’ எனவும் பின்னையதற்கு ‘பீ’ எனவும் பெயர் சூட்டினார். வைத்தியர்கள் ‘ஹெப்பற்றைற்றிஸ் பீ’ என்று கூறுவது இப்பின்னைய நோயையே.

இந்நோயின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. வைத்திய உலகம் இதனை முதன்முதலிற் கண்டுகொண்டதே ஒரு தடுப்பு முயற்சியின் விளைவாகத்தான். 1883 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிரேமன் நகரக் கப்பற் கட்டுமிடத்தில் 1,289 தொழிலாளருக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. அதற்குப் பயன்பட்டது மனிதரிடமிருந்து எடுக்கப்பட்ட நிணநீர். சில வாரங்களும் மாதங்களும் சென்றபின் அவர்களுள் 191 பேர் மஞ்சள் நிறமடைந்தனர். வேறு நிணநீரால் அம்மைப்பால் குத்தப்பட்டோருக்கு அவ்வாறு நேரவில்லை. லூர்மன் என்னும் வைத்தியர் 1885 இல் இதனைப் பதிவு செய்தார். 1942 இல் இதனிலும் பெரிய விபரீதம் நிகழ்ந்தது. மனித இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி கலந்து ஆக்கப்பட்ட மஞ்சட்காய்ச்சல் தடுப்பு மருந்தைப் பெற்ற அமெரிக்கப் படைவீரருள் ஏறக்குறைய 50,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். அவ்வாறு நோயைச் சுமந்து சென்ற ஊசியே பிற்காலத்தில் அந்நோய்க்குக் காவலாயிற்று. முள்ளை முள்ளால் எடுத்த கதை இது.

வைரசு உடலுட் புகுந்து பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் வரை எவ்வித அறிகுறியும் தோன்றாது. வளர்ந்தோரிற் பெரும்பாலார் நோயுற்றுப் பின் முற்றாகக் குணமடைவர். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானோரின் உடலில் அது நிலைத்துவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு வரை நிலைத்துவிடுகின்றது. அவ்வாறு நிலைத்த வைரசு பல ஆண்டுகள் ஓசையின்றி உறைந்திருந்து, ஈரலை வடுப்படுத்திச் சுருங்கச் செய்யலாம், புற்றுநோயையும் உண்டாக்கலாம். தம்முடம்பில் வைரசு இருப்பதை அறியாமலே நலமுடன் நடமாடுவோர் பலர். வைத்தியசாலைக்கு வருவோருள் எவர் அத்தகையவர் என்பதை முகத்தைப் பார்த்துக் கூற எவராலும் இயலாது.

ஊழியருக்கு நேரும் ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது. நோயாளிக்கு ஏற்றிய ஊசி தவறித் தாதியின் விரலிற் குத்திவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அவ்விரத்தத்தில் எயிட்ஸ் வைரசு இருந்தால், அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. ‘சீ’ வகை ஈரலழற்சி வைரசு இருந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. ‘பீ’ வகை வைரசு இருந்து, அத்தாதி தடுப்பூசி பெறாதவராயும் இருந்தால், நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை. உலகம் அதிகம் அஞ்சுவது எயிட்சுக்கே. ஆயினும் ஊசிக்குத்தினால் அதனைக் காட்டிலும் பன்மடங்கு எளிதிற் பரவுவது ‘பீ’ வைரசே. மேலும், உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையிலும் அது ஏழு நாட்கள் வரை வீரியம் குன்றாது இருக்க வல்லது. நோயுற்ற ஊழியர் பலருக்குத் தமக்கு ஊசி குத்தியதாக நினைவே இல்லாதிருந்தமை இதனால் விளங்கும். மேசையிற் சிந்திய துளியொன்று கையிலுள்ள சிறு கீறலைத் தீண்டினாலே போதும்.

எடின்பரோவில் நேர்ந்தது

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தினூடே செலுத்திக் கழிவை நீக்கி, மீண்டும் உடலுட் செலுத்தும் முறை 1960 களிலே பல நாடுகளிற் பரவத் தொடங்கியது. சாவின் விளிம்பில் நின்றோருக்கு அது மறுபிறவியளித்தது. ஆனால் ஓர் அறையிற் பலரின் இரத்தம் நாள்தோறும் குழாய்களிற் பாய்ந்துகொண்டிருந்தமையால், ‘பீ’ வைரசுக்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை என்றாயிற்று. நோயாளிகள் இரத்தம் ஏற்றப்பெற்றபோது வைரசு அவர்களுடன் உள்ளே வந்தது. இயந்திரத்தைப் பூட்டுவோர், குழாய்களைக் கழுவுவோர், இரத்தத்தைச் சோதிப்போர் ஆகிய யாவரும் அதன் வழியிலே நின்றனர்.

ஸ்கொத்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், புகழ்பெற்ற றோயல் இன்பேமரி வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவில் 1969 ஆம் ஆண்டில் ஈரலழற்சி தோன்றியது. 1970 வரை நீடித்தது. அது ஓயுமுன் பதினொருவர் இறந்தனர். அப்பதினொருவருள் நால்வர் வைத்தியசாலையிற் பணிபுரிந்தோர். நோயாளியைப் பிழைப்பிக்கச் சென்ற கைகள் நோயாளியுடனேயே மண்ணுக்குச் சென்றன. வைத்திய உலகம் திடுக்குற்றது. பிரித்தானிய அரசு ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தது. 1972 இல் அக்குழு விதிகளை வகுத்துரைத்தது. சிறுநீரகப் பிரிவுக்கு வருவோரின் இரத்தத்தை முன்னரே சோதித்தல், வைரசு உள்ளோரை வேறாக வைத்துச் சிகிச்சையளித்தல், ஊழியரின் இரத்தத்தைக் காலந்தோறும் பரிசோதித்தல் முதலியன நடைமுறைக்கு வந்தன.

இவ்விதிகளால் நோய் குறைந்தது. ஆயினும் அவை மதில்களே. மதிலில் ஒரு கணம் வாயில் திறந்தாலும் பகைவன் உட்புகுவான். உடலினுள்ளேயே காவல் வைப்பதற்கு ஒரு தடுப்பு மருந்து வேண்டியிருந்தது.

தேடாமற் கிடைத்த திறவுகோல்

அம்மருந்துக்கான வழி, எடின்பரோ அழிவுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் அக்கரையில் திறக்கப்பட்டிருந்தது. திறந்தவர் ஈரல் நோயைத் தேடிப் புறப்பட்டவருமல்லர். பரூக் புளூம்பேர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறிய விரும்பி, உலகின் பல பாகங்களிலுமுள்ள மக்களின் இரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்து வந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்ற ஒருவரின் உடலில், பிறர் இரத்தத்திலுள்ள அந்நியப் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றியிருக்கும் அல்லவா? அத்தகையவரின் குருதித் தெளிவை ஒருபுறமும் வேறொருவரின் குருதித் தெளிவை மறுபுறமும் இட்டால், ஒன்றையொன்று சந்திக்குமிடத்தில் ஒரு கோடு தோன்றும். இதுவே அவர் கையாண்ட முறை.

இரத்தம் உறையாமை நோயுடைய நியூயோர்க்வாசி ஒருவரின் குருதித் தெளிவு, அவுஸ்திரேலிய ஆதிக்குடி மகன் ஒருவரின் குருதித் தெளிவுடன் சேர்ந்தபோது அத்தகைய கோடு தோன்றிற்று. அப்புதிய பொருளுக்கு ‘அவுஸ்திரேலியா அன்ரிஜென்’ எனப் பெயரிட்டுப் புளூம்பேர்க்கும், ஹார்வி ஓல்ட்டரும், அவர்தம் சகாவும் 1965 இல் வெளியிட்டனர். அதன் உண்மை இயல்பு அப்போது எவருக்கும் புலப்படவில்லை.

அது புலப்பட்ட விதத்திலே நம் கட்டுரைப் பொருளுக்கு நெருங்கிய தொடர்புண்டு. புளூம்பேர்க்கின் ஆய்வுகூடத்தில் இக்குருதித் தெளிவுகளைக் கையாண்டுவந்த தொழில்நுட்பவியலாளரான பெண்மணி ஒருவர், 1967 ஏப்ரிலில் தமக்கு உடல்நலம் குன்றுவதை உணர்ந்தார். தாம் பிறர் இரத்தத்துக்குச் செய்யும் சோதனையை அன்று மாலை தம் இரத்தத்துக்கே செய்துபார்த்தார். முன்னர் அவர் இரத்தத்தில் இல்லாதிருந்த அவ்வன்ரிஜென் மறுநாட் காலை மெல்லிய கோடாகத் தோன்றிற்று. பின்னர் அவர் மஞ்சட்காமாலையுற்றார். நல்வேளையாக முற்றாகக் குணமடைந்தார். அவுஸ்திரேலியா அன்ரிஜெனுக்கும் ஈரலழற்சிக்கும் தொடர்புண்டு என்பதற்கு அவ்வாண்டிற் கிடைத்த சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஊழியர் ஒருவருக்கு நேர்ந்த நோயே நோயின் முகத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்த அன்ரிஜென், ‘பீ’ வைரசு அணிந்திருக்கும் புறச்சட்டை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976 இல் புளூம்பேர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சட்டையைக் காட்டி ஆளைத் தடுத்தல்

ஏனைய பல வைரசுகளைப் போல் இதனை ஆய்வுகூடத்தில் வளர்க்க இயலவில்லை. வளர்க்க இயலாததைக் கொண்டு தடுப்பு மருந்து ஆக்குவது எப்படி? வைரசை நெடுங்காலம் சுமப்போரின் இரத்தத்தில், முழு வைரசைக் காட்டிலும் மிகப் பெருந்தொகையாக வெறும் சட்டைகள் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே ஆளில்லாத அச்சட்டைகளால் நோயை உண்டாக்க முடியாது; ஆனால் உடலின் காவற்படைக்குப் பகைவனின் உடையை அடையாளங்காட்ட முடியும். புளூம்பேர்க்கும் இர்விங் மில்மனும் 1969 இலேயே இம்முறைக்குக் காப்புரிமை கோரினர். பிரான்சின் தூர் நகரத்தில் பிலிப் மோப்பா 1976 இல் இத்தகைய தடுப்பூசியை முதன்முதல் மனிதரிற் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். அமெரிக்காவில் மேர்க் நிறுவனத்தின் மொறிஸ் ஹில்மன், வைரசு தாங்கியோரின் இரத்த நீர்ப்பகுதியிலிருந்து சட்டைகளைப் பிரித்தெடுத்து, பெப்சின், யூரியா, போமலின் ஆகிய மூன்றினாலும் அடுத்தடுத்துப் பதப்படுத்தி, வேறெந்த வைரசும் எஞ்சாவண்ணம் தூய்மையாக்கினார்.

இனி, அது பயன்தருமா என்பதை நிறுவவேண்டும். அப்பணியை மேற்கொண்டவர் நியூயோர்க் இரத்த நிலையத்தின் வொல்ஃப் ஷ்முனெஸ். போலந்திற் பிறந்து, போரின் கொடுமைகளைக் கண்டு, 1969 இல் அமெரிக்காவை அடைந்தவர் அவர். இந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட ஒருபாலுறவினரான ஆண்களுள் 1,083 பேர் நியூயோர்க் நகரில் தாமாக முன்வந்து அவருடைய சோதனைக்கு உடன்பட்டனர். ஒரு பாதியினருக்கு மருந்து. மறு பாதியினருக்கு மருந்தில்லாப் போலி ஊசி. எவருக்கு எது என்பது பெற்றவருக்கும் தெரியாது, ஏற்றியவருக்கும் தெரியாது. 1980 இல் வெளிவந்த முடிவின்படி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட அளவில் நோய் தடுக்கப்பட்டிருந்தது.

அடுத்து, எடின்பரோவில் அழிவு நேர்ந்தது எத்தகைய இடத்திலோ அத்தகைய இடங்களுக்கே இத்தடுப்பூசி கொண்டுசெல்லப்பட்டது. அமெரிக்காவில் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறும் 43 பிரிவுகளிற் பணிபுரிந்த 865 ஊழியர் இச்சோதனையிற் பங்குபற்றினர். போலி ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 9.9 பேருக்கு வைரசு தொற்றியது. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 2.2 பேருக்கே தொற்றியது. அதாவது, அதே அறைகளில், அதே நோயாளிகளிடையே, அதே இயந்திரங்களை இயக்கியோருள், ஐவருக்கு வரவிருந்த தொற்றில் ஏறத்தாழ நால்வரின் தொற்றை மருந்து விலக்கியது. 1982 இன் இறுதியில் அவ்வறிக்கை அச்சேறியபோது ஷ்முனெஸ் உயிரோடிருக்கவில்லை. அவ்வாண்டின் நடுவிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அறிந்தவரே தயங்கினர்

1981 நவம்பரில் அமெரிக்க அரசு இத்தடுப்பூசிக்கு அனுமதி வழங்கியது. ஆபத்தை நன்கறிந்த வைத்தியரும் தாதியரும் திரண்டு வந்து பெற்றுக்கொண்டிருப்பர் என்றே வாசகர் எண்ணுவீர்கள். நடந்தது அதுவன்று. மூன்று ஊசிகளுக்கும் ஏறத்தாழ 100 டொலர் செலவாயிற்று என்பது ஒரு தடை. அதனிலும் பெரிய தடை அச்சம். எயிட்ஸ் என்னும் புதிய நோய் அவ்வாண்டிலேதான் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. தடுப்பூசியோ மனித இரத்தத்திலிருந்து ஆக்கப்பட்டது. இரத்தம் வழங்கியோருள் எயிட்ஸ் பரவியிருந்த கூட்டத்தினரும் அடங்குவர். ஆகவே, ஒரு நோயைத் தடுக்கப்போய் மற்றொன்றை வாங்கிக்கொள்வோமோ என்று பலர் பின்வாங்கினர்.

அவ்வச்சத்தை அறிவீனம் எனத் தள்ளிவிடலாகாது. பிரேமன் நகரத்திலும் 1942 இலும் நேர்ந்தவற்றை அறிந்தவருக்கு அத்தகைய ஐயம் எழுவது இயல்பே. ஐயத்துக்கு விடை ஆராய்ச்சியாற் கிடைத்தது. மருந்தைப் பதப்படுத்தும் முறைகள் எயிட்ஸ் வைரசையும் அழித்துவிடும் என்பது 1984 இல் நிறுவப்பட்டது. தடுப்பூசி பெற்றோரைத் தொடர்ந்து கவனித்தபோதும் அதனால் எவருக்கும் எயிட்ஸ் பரவியதாகக் காணப்படவில்லை. ஆயினும் ஒருமுறை மனத்திற் புகுந்த அச்சம் எளிதில் வெளியேறுவதில்லை. சான்று வெளிவந்த பின்னும் பலர் தயங்கியே நின்றனர். தயங்கிய காலத்தில் நோயும் காத்திருக்கவில்லை.

1986 இல் இரத்தமே தேவைப்படாத புதிய தடுப்பூசி தோன்றியது. வைரசின் சட்டையை ஆக்கும் பரம்பரை அலகை, பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தின் கலத்துட் புகுத்தினால், அம்மதுவமே சட்டைகளை ஆக்கித் தரும். இம்முறையால் ஆக்கப்பட்டு மனிதர் பயன்பாட்டுக்கு வந்த முதலாவது தடுப்பூசி இதுவே. இன்று நாம் பெறுவது இவ்வகையினதே. அச்சத்துக்கு இடமில்லாது போயிற்று. எனினும் சோம்பலும் கவலையீனமும் எஞ்சின. எனவே 1991 இறுதியில் அமெரிக்க அரசு சட்டம் விதித்தது. இரத்தத்தோடு தொடர்புள்ள வேலையில் ஒருவரை அமர்த்தினால், பத்து வேலை நாட்களுள் தடுப்பூசியை இலவசமாக வழங்க முன்வருவது தொழில் தருவோரின் கடமை. வேண்டாம் என்போர் அதனை எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். பின்னர் மனம் மாறினால் அப்போதும் இலவசமாகப் பெறலாம். வற்புறுத்தல் இல்லை, ஆனால் வாளாவிருந்து தப்பவும் வழியில்லை.

இதன் பயன் யாது? 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுகாதார ஊழியருள் ஏறத்தாழ 17,000 பேருக்கு இவ்வைரசு தொற்றியதென மதிப்பிடப்பட்டது. 1995 இல் அத்தொகை ஏறத்தாழ 400 ஆயிற்று. வீதக் கணக்கிற் கூறின், பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 95 பங்கு வீழ்ச்சி. கையுறை அணிதல், பயன்படுத்திய ஊசியைத் துளைபடாத பெட்டியில் இடுதல் முதலிய பழக்கங்கள் பரவியதும் இதற்குத் துணைசெய்தது என்பது உண்மை. ஆயினும் அதே காலத்திற் பொதுமக்களிடையே நேர்ந்த வீழ்ச்சியிலும் ஊழியரிடையே நேர்ந்தது ஒன்றரை மடங்கு பெரிதாயிருந்தது. முன்னர் பொதுமக்களை விட அதிக ஆபத்துக்குள்ளாகியிருந்த ஒரு கூட்டத்தினர் இவ்வாறு மீண்டது மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

மூன்று ஊசியும் ஓர் இரத்தச் சோதனையும்

தடுப்பூசி ஏற்றிக்கொண்டேன், இனி எனக்கு ஆபத்தில்லை என்று கூறுவோரிடம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். எத்தனை ஊசி? பலன் கிடைத்ததா என்று பார்த்தீரா?

வளர்ந்தோருக்கு வழக்கமான முறை மூன்று ஊசிகள். முதலாவதன் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது. முதலாவதிலிருந்து ஆறு மாதத்தில் மூன்றாவது. முதலூசி காவற்படையைத் திரட்டுகின்றது. இறுதியூசி அதனை நிலைப்படையாக்குகின்றது. நாற்பது வயதுக்குட்பட்ட நலமுள்ளோர் மூன்றையும் பெற்றால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் இரத்தத்திற் போதிய பிறபொருளெதிரி தோன்றும். நாற்பதைக் கடந்தபின் இத்தொகை படிப்படியாகக் குறைகின்றது. அறுபது வயதை அடையும்போது ஏறத்தாழ எழுபத்தைந்து. புகைபிடிப்போரிலும் மிகுந்த உடற்பருமன் உடையோரிலும் பலன் குறைவு. ஆகவே, பணியிற் சேரும் இளம் பருவத்திலேயே பெற்றுக்கொள்வது அறிவுடைமை. இரண்டாவதையோ மூன்றாவதையோ உரிய நாளிற் பெறத் தவறியவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊசி எவ்விடத்தில் ஏற்றப்படுகின்றது என்பதும் சிறு செய்தியன்று. மேற்புயத்தின் தசையில் ஏற்றவேண்டிய மருந்தைப் பிட்டத்தில் ஏற்றியபோது, பலருக்குப் போதிய பலன் கிட்டவில்லை என்பது 1980 களின் நடுவிலே தெரியவந்தது. அங்குள்ள கொழுப்பிலே மருந்து தங்கிவிடுவதே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

இனி, சோதனை. மூன்றாம் ஊசி பெற்று ஓரிரு மாதங்களில் இரத்தத்தைச் சோதித்தால், ஒரு மில்லிலீற்றரில் பிறபொருளெதிரி 10 மில்லி அனைத்துலக அலகோ அதற்கு மேலோ இருத்தல் வேண்டும். அதனை எட்டியவர் காக்கப்பட்டவர். எட்டாதவர் மனமுடைய வேண்டியதில்லை. மீண்டும் மூன்று ஊசி பெற்றால் அவருட் கணிசமானோர் அதனை எட்டிவிடுவர். இரண்டாம் முறையும் எட்டாதவர் சிலர் உளர். அவர்கள் தம் நிலையை அறிந்திருப்பதே அவர்களுக்குக் காவல். ஊசி தவறிக் குத்தியதும், ஆயத்தமாக உள்ள பிறபொருளெதிரிகளைக் கொண்ட மருந்தை, இயன்றால் 24 மணி நேரத்துள் அவர்களுக்கு ஏற்றலாம். சோதித்தறியாதவருக்கோ, தாம் எந்தக் கூட்டத்தினர் என்பதே தெரியாது. பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களம் 1993 இல், அறுவைச் சிகிச்சை போன்ற பணி புரிவோர் தடுப்பூசி பெறுவதோடு அதன் பலனையும் சோதித்தறிய வேண்டும் என்று பணித்தது. ஊழியரிடமிருந்து நோயாளிக்குத் தொற்றுதலும் கூடும் என்பதே அதற்குக் காரணம்.

பல ஆண்டுகள் சென்றபின் இக்காவல் நீங்கிவிடுமா? அலாஸ்கா ஆதிக்குடிகளிடையே 1981 இல் தடுப்பூசி பெற்றோரை விஞ்ஞானிகள் முப்பது ஆண்டுகளின் பின் சோதித்தனர். ஏறத்தாழப் பாதிப் பேரிடமே குறித்த அளவு பிறபொருளெதிரி எஞ்சியிருந்தது. எஞ்சியோருக்கு ஒரே ஓர் ஊசி ஏற்றியதும், அவர்களிற் பெரும்பாலாரின் உடல் பழைய பாடத்தை உடனே நினைவுகூர்ந்து பிறபொருளெதிரியைப் பெருக்கியது. இரு சாராரையும் கூட்டிப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் காவலுடனேயே இருந்தனர். இரத்தத்தில் அளவு குறைந்தாலும் உடலின் நினைவு மங்குவதில்லை. வைரசு நோயை உண்டாக்க எடுத்துக்கொள்ளும் நீண்ட காலமே அந்நினைவு விழித்தெழ அவகாசம் அளிக்கின்றது. ஆகவே, ஒருமுறை போதிய பலன் கண்ட நலமுள்ளோருக்கு மேலும் மேலும் ஊசி வேண்டியதில்லை என்பது அறிஞர் கொள்கை.

நம் இல்லங்களுக்கும் மாணவருக்கும்

உலகம் முழுவதும் இவ்வெற்றி ஒரே சீராகக் கிட்டவில்லை. 2000 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்குமுள்ள சுகாதார ஊழியருள் ஏறத்தாழ 66,000 பேர் கூரிய கருவிகள் குத்தியதனால் இவ்வைரசைப் பெற்றிருப்பர் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்தோர் மதிப்பிட்டனர். 2022 இல் 254 மில்லியன் மக்கள் இந்நோயை நிலையாகத் தாங்கியிருந்தனர் என்பது அந்நிறுவனம் 2024 இல் வெளியிட்ட மதிப்பீடு. வறிய நாடுகள் பலவற்றில், முதலூசி பெற்ற ஊழியர் பலர் மூன்றாவதைப் பெறுவதில்லை. மருந்து இருந்தும் அது முழுமையாகச் சென்றடையாமையே இன்றைய குறை.

இலங்கையிலே குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி 2003 இற் சேர்க்கப்பட்டது. ஆகவே அதன்பின் பிறந்து உரிய ஊசிகளைப் பெற்ற மாணவர், இந்நினைவை உடலிற் கொண்டே வளர்கின்றனர். மருத்துவம், தாதிமை, பற்சிகிச்சை, ஆய்வுகூடத் தொழில் ஆகியவற்றைக் கற்கச் செல்வோர், தம் குழந்தைப் பருவத்துச் சுகாதாரப் பதிவேட்டைத் தேடியெடுத்து உடன்கொண்டு செல்வது நன்று. பயிற்சி தொடங்குமுன் இரத்தத்தைச் சோதித்து, அளவு குறைவாயின் வைத்தியரின் ஆலோசனைப்படி ஓர் ஊசி பெற்று மீண்டும் சோதித்துக்கொள்ளலாம். அதற்கு முன் பிறந்து இத்தொழில்களில் இருப்போர் பலருக்கு அத்தகைய குழந்தைப்பருவக் காவல் இல்லை. அவர்கள் மூன்று ஊசியையும் பெற்றனரா என்பதை வீட்டாரும் அன்புடன் கேட்டறியலாம். துணி வெளுப்போரும் கழிவு அகற்றுவோரும் இவ்வட்டத்துக்கு வெளியே விடப்படலாகாது. கூரிய ஊசிக்குப் பட்டம் பதவி தெரியாது.

குடும்பத்தில் எவருக்கேனும் இவ்வைரசு இருப்பது தெரியவந்தால், அவரை ஒதுக்கிவைத்தல் அறியாமை. உடனிருந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, அணைத்துக்கொள்வதாலோ இது பரவுவதில்லை. சவரக் கத்தியையும் பற்றூரிகையையும் தனியே வைத்தலும், வீட்டிலுள்ள ஏனையோர் சோதித்துத் தடுப்பூசி பெறுதலும் போதிய காவலாகும். கருவுற்ற தாய்க்கு இருந்தாலும், குழந்தை பிறந்தவுடன், இயன்றால் 24 மணி நேரத்துள், முதலூசி ஏற்றத் தொடங்கின் பெரும்பாலும் குழந்தையைக் காத்துவிடலாம்.

ஒன்றை மறத்தலாகாது. ‘பீ’ வைரசுக்கு ஊசி உண்டு. ‘சீ’ வைரசைக் கண்டறிந்த பணிக்காக, முன்னர்க் கூறிய ஹார்வி ஓல்ட்டர் வேறிருவருடன் 2020 இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அவ்வைரசுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. எயிட்ஸ் வைரசுக்கும் இல்லை. எனவே தடுப்பூசி பெற்றவரும் கையுறையைக் களைந்துவிடலாகாது; பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிட முயலாது உடனே பெட்டியில் இடுதல் வேண்டும்; தவறிக் குத்தினால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, மறைக்காது அன்றே அறிவித்தல் வேண்டும். வெட்கத்தாலோ வேலைப் பளுவாலோ அதனை மறைப்பவர், சிகிச்சைக்குரிய அருமையான மணித்தியாலங்களை இழக்கின்றார்.

இத்துறைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களே, நாட்குறிப்பில் மூன்று நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஊசியின்பின் நான்காவதாக இரத்தச் சோதனைக்குரிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்நான்காம் நாளில் வரும் விடைத்தாளே, நீங்கள் உண்மையிற் காக்கப்பட்டவர்தாமா என்பதைச் சொல்லும்.